புண்ணாக்கும் பேட்டரியும்: கப்பலில் தானாகச் சூடேறும் சரக்குகளின் கதை

2023 ஜூலை 25, இரவு பன்னிரண்டை நெருங்கும் நேரம். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் கார்களை ஏற்றிக்கொண்டு எகிப்துக்குக் கிளம்பிய ‘ஃப்ரீமேன்டில் ஹைவே’ என்ற கப்பல், நெதர்லாந்தின் ஆமெலாந்து தீவுக்கு வடக்கே தீப்பிடித்தது. கப்பலில் இருந்தவர்கள் 23 பேர். பெரும்பாலோர் இந்தியர்கள். அணைத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. ஏழு பேர் மேலே இருந்து கடலில் குதித்தார்கள். சுமார் 30 மீட்டர் உயரம், அதாவது பத்து மாடி. வட கடல், ராத்திரி நேரம். மற்றவர்களை ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. ஒரு இந்திய மாலுமி இறந்துபோனார். பலருக்கு எலும்பு முறிவு, தீக்காயம், புகையால் மூச்சுத்திணறல்.

விடிவதற்குள் காரணமும் வந்துவிட்டது: எலெக்ட்ரிக் கார். நெதர்லாந்து கடலோரக் காவல் படை முதலில் சொன்ன கணக்குப்படி கப்பலில் 2,857 கார்கள், அதில் 25 எலெக்ட்ரிக். ரெண்டு நாள் கழித்து, கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த ஜப்பான் கம்பெனி வேறு கணக்கு கொடுத்தது. மொத்தம் 3,783 வண்டிகள், அதில் எலெக்ட்ரிக் 498.

இருபத்தைந்துக்கும் நானூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கும் உள்ள தூரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது, அணைக்கப் போகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே சரியாகத் தெரியாது. ஒரு வாரத்துக்கு மேல் எரிந்து, ஆகஸ்ட் 3 அன்று கப்பலை ஏம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். மேல்தளங்கள் கரிக்கட்டை. ஆனால் கீழ்த்தளங்களில் சுமார் ஆயிரம் கார்கள் பார்வைக்குப் பழுதில்லாமல் நின்றன. அவற்றில் எலெக்ட்ரிக் கார்களும் இருந்தன.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். சர்வர் படுத்துக்கொண்டால் முதல் பத்து நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் “நெட்வொர்க் பிரச்சினை” என்று சொல்லிவிடுவார். முழு அறிக்கை எழுதும்போது அது வேறு ஏதோவாக இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் கப்பல் தீ விபத்து அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது 2023இல் தொடங்கிய கதையே இல்லை என்று தெரிந்தது. தானாகச் சூடேறும் சரக்கைக் கப்பல்கள் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகச் சுமக்கின்றன. அதில் ஒன்று எங்கள் திண்டிவனம் பக்கத்துச் சரக்கு.

மல்லாட்டையைச் சொல்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்பதால் மணிலாக்கொட்டை, அது எங்கள் வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது. கடலை ரகங்களில் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் விளைந்த மல்லாட்டை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள், சோப்பு செய்தார்கள். 1879இல் போட்ட விழுப்புரம் – பாண்டிச்சேரி ரயில் பாதைக்கு இந்த மூட்டைகளும் ஒரு பெரிய வரும்படி. பிற்காலத்தில் எண்ணெயை இங்கேயே எடுத்துக்கொண்டு, புண்ணாக்கை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் இந்தியாவில் பெரிய வியாபாரமாக ஆனது.

புண்ணாக்கு மாட்டுத் தீவனம்தானே, அதில் என்ன ஆபத்து என்று தோன்றும். ஆட்டிய பிறகும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் தங்கும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெதுவாக வினைபுரியும்போது சூடு வரும். ஈரம் இருந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்து இன்னும் சூட்டைக் கிளப்பும். ஒரு மூட்டை என்றால் அந்தச் சூடு காற்றில் கரைந்துவிடும். ஆயிரக்கணக்கான டன்னை ஒரு இரும்பு அறைக்குள் குவித்தால் நடுவில் உள்ள சூடு போக வழியில்லை. சூடு ஏற ஏற வினை வேகமாகும், வேகமாக ஆக இன்னும் சூடு ஏறும். ஒரு கட்டத்தில் புகையும், பிறகு எரியும். ஈரத்தோடு வைக்கோல் போர் போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். போருக்குள் கையை விட்டால் சுடும், பிரித்தால் ஆவி வரும், சில நேரம் பிரித்ததும் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும்.

ஆபத்தான சரக்குகளைக் கப்பலில் ஏற்றுவதற்கான சர்வதேச விதிநூலை ஐ.எம்.டி.ஜி. கோடு என்பார்கள். அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ஐ.நா. எண் உண்டு. புண்ணாக்குக்கு 1386, 2217 என்று இரண்டு எண்கள், கொப்பரைக்கு 1363, ஈரப் பருத்திக்கு 1365. எல்லாம் 4.2 என்ற வகுப்பு, அதாவது தானே தீப்பற்றக்கூடியவை. கோயில் வாசலில் விற்கும் கொப்பரையும் மாட்டுத்தொட்டியில் கரைக்கும் புண்ணாக்கும் சர்வதேசப் பட்டியலில் ‘ஆபத்தான சரக்கு’ என்று முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

இந்தப் பாடத்தைக் கப்பல் உலகம் முதலில் படித்தது நிலக்கரியில். 1870களில் இங்கிலாந்திலிருந்து தூர தேசங்களுக்கு நிலக்கரி ஏற்றிய பாய்மரக் கப்பல்கள் வழியில் எரிந்துகொண்டே இருந்தன. பம்பாய், ஏடன், தென் அமெரிக்கா என்று பயணம் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆபத்து. ஜோசப் கான்ராட் வேலை பார்த்த ‘பாலஸ்டைன்’ கப்பல், பாங்காக்குக்கு நிலக்கரி கொண்டுபோகும்போது 1883இல் சுமத்ரா பக்கம் எரிந்தது. அதை வைத்துத்தான் பின்னாளில் ‘யூத்’ கதையை எழுதினார். 1875இல் பிரிட்டிஷ் அரசு இதற்கென்றே ஒரு ராயல் கமிஷன் போட்டது. அதுவரை மாலுமிகள் நம்பியது: கரிக் குவியலுக்கு நடுவே காற்று ஓடவிட்டால் குளிரும். கமிஷன் அதைத் தலைகீழாக்கியது. குவியலுக்குள் காற்றை விடுவதுதான் நெருப்புக்குத் தீனி போடுகிறது, மேற்பரப்பில் சேரும் வாயுவை மட்டும் வெளியேற்று, உள்ளே காற்று விடாதே என்றது.

அன்றிலிருந்து கிளைத்த விதிகள் இன்றும் இருக்கின்றன. இன்றைக்கு 55 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் நிலக்கரியைக் கப்பலில் ஏற்றக்கூடாது. பயணம் முழுக்கச் சரக்கு அறையில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அது ஏறினால் உள்ளே எங்கோ கனிகிறது என்று அர்த்தம். எண்ணூர் அனல் மின் நிலையங்களுக்குக் கரி கொண்டுவரும் கப்பல்கள் இப்படித்தான் வருகின்றன. நெய்வேலிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால் அது சும்மா இருக்காது.

இந்த விதிகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவை சரக்கு கப்பலில் ஏறும் முன் அதன் நிலையைப் பற்றியவை. எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், எவ்வளவு எண்ணெய். ஏறிய பிறகு எரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை அந்தக் காலத்து ஆட்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஏன் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா டாக். இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து கராச்சி வழியாக வந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், அதோடு கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பருத்திப் பேல்கள், எண்ணெய் பீப்பாய்கள், தங்கக் கட்டிகள். இரண்டாம் எண் சரக்கு அறையில் கீழே பருத்தி, அதே அறையில் வெடிபொருளும். மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டிப் புகை தெரிந்தது. பருத்தியில் தீ ஜுவாலையாக வராது. இறுக்கிக் கட்டிய பேலுக்குள் கங்காகக் கனிந்துகொண்டே இருக்கும். எந்தப் பேல் எரிகிறது என்று மேலே இருந்து தெரியாது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், சுமார் 900 டன் தண்ணீர் உள்ளே போனது. தீயின் மூலத்தை அது எட்டவே இல்லை. உள்ளே நிரம்பிய தண்ணீர், எரியும் பேல்களை மிதக்கவைத்து வெடிபொருள் இருந்த உயரத்துக்கே தூக்கிக்கொண்டு போனது. கப்பலின் பக்கவாட்டுத் தகட்டில் ஓரிடத்தில் பெயின்ட் கொப்பளித்தது, தீ அங்கேதான் என்று தெரிந்து தகட்டை வெட்டப் பார்த்தார்கள், கருவி வேலை செய்யவில்லை. கப்பலை வெளியே இழுப்பதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே ஆளிடம் இல்லை. 4.06க்கு முதல் வெடிப்பு. அரை மணி நேரத்தில் இரண்டாவது. இறந்தவர்கள் எண்ணூறிலிருந்து ஆயிரத்து முந்நூறு வரை என்று கணக்குகள் மாறுகின்றன. அதில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். நாம் சித்திரை ஒன்று கொண்டாடும் ஏப்ரல் 14ஐ நாடு முழுக்கத் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிப்பது அவர்களுக்காகத்தான்.

எட்ட முடியாத தீ, எடை கூட்டும் தண்ணீர், எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதில் அசட்டை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு இன்றைய கார் கப்பலுக்குள் போகலாம்.

கடலோரத்தில் நின்று பார்த்தால் கார் கப்பல் ஒரு மிதக்கும் தீப்பெட்டி மாதிரி தெரியும். உள்ளே பத்துப் பன்னிரண்டு தளங்கள், ஒவ்வொன்றும் ஆள் தலை இடிக்கும் உயரம். கார்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலே அதிகம். தீயணைப்பு உடையும் முதுகில் சிலிண்டரும் போட்டவன் அந்தச் சந்தில் நுழைய முடியாது. அதனால் இந்தக் கப்பல்களில் பிரதான ஆயுதம் கார்பன் டை ஆக்சைடு. கதவு, காற்றுவழி எல்லாவற்றையும் மூடி, அந்தத் தளம் முழுக்க வாயுவை நிரப்பி ஆக்சிஜனைப் பட்டினி போடுவது. பெட்ரோல், பிளாஸ்டிக், ரப்பர் எரிந்தால் இது வேலை செய்யும், சரியான நேரத்தில் செய்தால்.

லித்தியம் பேட்டரியிடம் இந்த ஆயுதம் பாதிதான் பலிக்கும். செல்லுக்குள் எங்கோ ஒரு ஷார்ட், அல்லது வெளியிலிருந்து சூடு. 130 டிகிரி வாக்கில் நேர், எதிர் முனைகளைப் பிரித்து வைத்திருக்கும் சவ்வு உருக ஆரம்பிக்கிறது. அதன்பிறகு உள்ளிருக்கும் பொருள்களே ஒன்றோடொன்று வினைபுரிந்து சூட்டைக் கிளப்பும். அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குப் போகும், அது அடுத்ததற்கு. பொறியாளர்கள் இதைத் தெர்மல் ரன்அவே என்கிறார்கள், கட்டவிழ்ந்த சூடு. புண்ணாக்குக் குவியலில் நாள்கணக்கில் நடக்கும் அதே சுழல் இங்கே நிமிஷக்கணக்கில் நடக்கிறது. ஒரு வித்தியாசமும் உண்டு. புண்ணாக்குக்கும் கரிக்கும் வெளிக்காற்று வேண்டும். நிக்கல், கோபால்ட் கலந்த பேட்டரிகளின் நேர்முனைப் பொருள் சூட்டில் தன்னுள்ளிருந்தே ஆக்சிஜனை விடும். வெளிக்காற்றை அடைத்தால் ஜுவாலை அடங்கலாம், உள்ளே சூடு அடங்காது. கூடவே ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் வெளிவந்து மூடிய தளத்தில் தேங்கும். அடங்கியது என்று நினைத்துக் கதவைத் திறந்தால் வெடிக்கவும் கூடும். இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அது விடும் வாயுவும் எரியக்கூடியதுதான். இதையெல்லாம் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும், பேட்டரி இருக்கும் இடத்தில் வேண்டும். பேட்டரி இருப்பதோ காரின் அடிவயிற்றில், சீல் வைத்த பெட்டிக்குள்.

அப்படின்னா எலெக்ட்ரிக் கார்தான் வில்லனா? அங்கேதான் அறிக்கைகள் வேறு கதை சொல்கின்றன. ஸ்வீடன் அரசின் பேரிடர் அமைப்பு 2022 கணக்கில் சொன்னது: அந்த நாட்டின் சுமார் 6.11 லட்சம் எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் அந்த வருஷம் எரிந்தவை 23. பெட்ரோல், டீசல் கார்கள் 44 லட்சத்தில் சுமார் 3,400. எண்ணிக்கையாகப் பார்த்தால் எலெக்ட்ரிக் கார் தீப்பிடிப்பது ரொம்ப அபூர்வம். பழைய பெட்ரோல் கார்கள் நிறைய என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும், இருந்தாலும் வித்தியாசம் பெரியது.

கப்பல்களிலும் அப்படித்தான். 2020 ஜூன் 4, அமெரிக்காவின் ஜாக்சன்வில். ‘ஹோக் ஷியாமென்’ கப்பலில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் 2,420 பழைய வண்டிகள். நம்ம ஊர் பழைய கார் மார்க்கெட் மாதிரி, இடிபட்டது, ஒழுகுவது எல்லாம் இருந்தன. பேட்டரி வயரைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று விதி. பல வண்டிகளில் சரியாகச் செய்யவில்லை. எலெக்ட்ரிக் கார் பேட்டரி இல்லைங்க, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அதிலிருந்து தீ. கார் ஏற்றும்போது அணைத்து வைத்திருந்த தீ எச்சரிக்கைக் கருவியைத் திரும்பப் போடவும் இல்லை. ஒன்பது தீயணைப்பு வீரர்கள் காயப்பட்டார்கள். கப்பல் பழைய இரும்புக்குப் போனது.

ஃப்ரீமேன்டில் ஹைவேக்கு மூன்று வாரம் முன்பு, 2023 ஜூலை 5, நியூ ஜெர்சியின் நியூவார்க் துறைமுகம். ‘கிராண்டே கோஸ்டா டி அவோரியோ’. ஓடாத பழைய வண்டிகளைத் தள்ளி ஏற்ற ஒரு ஜீப்பைப் பயன்படுத்தினார்கள். தள்ளித் தள்ளி அது சூடாகிப் பற்றிக்கொண்டது. கார்பன் டை ஆக்சைடு விட்டார்கள். ஆனால் ஒரு தளத்தின் பெரிய கதவை மூடும் பொத்தான் அந்தத் தளத்துக்குள்ளேயே இருந்தது. உள்ளே புகை, போய் அழுத்த ஆள் இல்லை. கதவு திறந்தே கிடக்க, விட்ட வாயு வெளியே போனது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் உள்ளே சிக்கி இறந்தார்கள். ஒரு பொத்தானை எங்கே வைப்பது என்று வரைபடம் போட்டவர் யோசிக்காததன் விலை. வடிவமைப்பு வேலை செய்கிற எவரும் இந்த அறிக்கையை ஒருமுறை படிக்கலாம்.

ஆக எலெக்ட்ரிக் கார் இல்லாமலேயே கார் கப்பல் எரியும், ஆட்கள் சாவார்கள். எலெக்ட்ரிக் கார் செய்வது என்னவென்றால், எங்கோ எதனாலோ தொடங்கிய தீ தன்னிடம் வந்து சேர்ந்த பிறகு அதை அணைக்க முடியாததாக ஆக்குவது. 2025 ஜூன் 3, ‘மார்னிங் மைடாஸ்’ என்ற கப்பல் சீனாவின் யான்டாயிலிருந்து மெக்சிகோ போகும் வழியில் அலாஸ்காவுக்குத் தெற்கே எரிந்தது. எலெக்ட்ரிக் கார்கள் இருந்த தளத்தில் புகை தெரிந்ததாகச் சொன்னார்கள். கார்பன் டை ஆக்சைடு விட்டும் அடங்கவில்லை. 22 பேரும் படகில் இறங்கித் தப்பித்தார்கள். மூன்று வாரம் மிதந்து எரிந்து, சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. இங்கேயும் முதல் நாள் கணக்கு, சுமார் 800 எலெக்ட்ரிக் கார்கள். பிறகு திருத்திய கணக்கு, 3,048 வண்டிகளில் முழு எலெக்ட்ரிக் 70, ஹைபிரிட் 681. ஃப்ரீமேன்டிலில் குறைத்துச் சொன்னார்கள், இங்கே கூட்டிச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் எரியும் நேரத்தில் உண்மை கையில் இல்லை.

பயணிகள் ஏறும் ஃபெர்ரி கப்பல்கள் வேறு ரகம். அவற்றின் கார் தளத்தில் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் அமைப்பு இருக்கும். 2010 நவம்பர் 17, ஆஸ்லோவிலிருந்து கோபன்ஹேகன் போன ‘பேர்ல் ஆஃப் ஸ்காண்டிநேவியா’வில் ஒரு கார் எரிந்தது. பெட்ரோல் காராக வாங்கி எலெக்ட்ரிக்காக மாற்றியது, கப்பலிலேயே சார்ஜ் போட்டிருந்தார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு அணைத்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. எலெக்ட்ரிக் கார் தீயைக் கப்பலில் அணைக்கவே முடியாது என்பவர்களுக்கு இது நல்ல பதில்.

ஆனால் தண்ணீருக்கும் எடை இருக்கிறது. 2006 பிப்ரவரியில் செங்கடலில் ‘அல் சலாம் பொக்காச்சியோ 98’ என்ற ஃபெர்ரி, சவூதியின் துபாவிலிருந்து எகிப்தின் சஃபாகாவுக்குச் சுமார் 1,400 பேரோடு போனது. கார் தளத்தில் தீ. தண்ணீர் அடித்தார்கள். வடிகால்கள் அடைத்துக்கொண்டன. அகலமான தளத்தில் தேங்கிய தண்ணீர், கப்பல் சாயும் பக்கமெல்லாம் ஓடி இன்னும் சாய்த்தது. வாயகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்க, புரியும். கப்பல் கவிழ்ந்து ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பம்பாயில் தண்ணீர் தீயைத் தூக்கியது, செங்கடலில் தண்ணீர் கப்பலையே கவிழ்த்தது.

நார்வேயின் ஹவிலா நிறுவனம் 2023 ஜனவரியில் தங்கள் கப்பல்களில் எலெக்ட்ரிக், ஹைபிரிட், ஹைட்ரஜன் கார்களை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தது. அந்தக் கப்பல்களே பெரிய பேட்டரியை வைத்துக்கொண்டு ஓடுபவை. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இதில் ஒரு நியாயம் உண்டு. தன் பேட்டரியின் ஒவ்வொரு செல்லின் சூடும் கப்பலுக்குத் தெரியும். வந்து ஏறும் காரின் பேட்டரி போன வாரம் எந்தக் கல்லில் அடிபட்டது என்று தெரியாது.

இதில் நமக்கென்ன என்றால், கார் கப்பல் நம் கரைக்குப் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கார்கள் சென்னைத் துறைமுகம் வழியாகவும், ஒரகடம் நிசான் கார்கள் எண்ணூர் வழியாகவும் பல வருஷமாகப் போகின்றன. இலங்கையின் அம்பாந்தோட்டை, கார்களைக் கப்பல் மாற்றும் துறைமுகமாக 2012இல் வேலையை ஆரம்பித்தபோது அங்கே இறங்கியவை சென்னைக் கார்கள். பெரும்பாலும் பெட்ரோல், டீசல். 2025 ஆகஸ்டில் மாருதியின் எலெக்ட்ரிக் கார் குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது, அந்த ஒரே மாதத்தில் 2,900க்கும் மேல். அதே மாதம் 4ஆம் தேதி தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் ஆலை திறந்தது. வரும் வருஷங்களில் தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலும் இந்தச் சரக்கு அதிகமாக ஏறும். உலகக் கப்பல்களில் வேலை செய்யும் ஆட்களில் இந்தியர்கள் எவ்வளவு பேர் என்பது நாம் அறிந்ததுதான். ஏற்றுவதும் நாம், எரிந்தால் குழாயைப் பிடிப்பதும் நம் பிள்ளைகள்.

கன்டெய்னர் பக்கம் இதைவிட மோசம், ஏனென்றால் உள்ளே என்ன என்று கண்ணுக்கே தெரியாது. 2022 ஜனவரியில் ‘காஸ்கோ பசிபிக்’ கப்பல் சீனாவிலிருந்து மும்பை நவ சேவா துறைமுகத்துக்கு வரும் வழியில் ஒரு கன்டெய்னர் எரிந்தது. காகிதத்தில் உதிரி பாகங்கள். உள்ளே லித்தியம் பேட்டரிகள். ஆபத்தான சரக்கு என்று எழுதினால் கட்டணம் கூடும், இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் மாற்றி எழுதுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. நல்லவேளை, தீ அடங்கி, கொழும்பில் இறக்கினார்கள். 2025 ஜூன் 9இல் கொழும்பிலிருந்து நவ சேவாவுக்கு வந்த ‘வான் ஹாய் 503’ அவ்வளவு கொடுத்து வைக்கவில்லை. கேரளக் கரைக்கு அப்பால் எரிந்தது, 22 பேரில் நான்கு பேர் காணாமல் போனார்கள், வாரக்கணக்கில் புகைந்தது. அதன் பட்டியலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆபத்தான சரக்குப் பெட்டிகள் இருந்தன. அவை எழுதப்பட்டவை மட்டும்.

விதிகள் நகராமல் இல்லை. 2026 ஜனவரி 1 முதல், வண்டிகளோடு பயணிகளும் ஏறும் கப்பல்களில் தீயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் கருவிகள், கேமரா கண்காணிப்பு, திறந்த தளத்தில் தண்ணீர்ப் பீரங்கி என்று சர்வதேச விதி இறுகுகிறது. அதே தேதியிலிருந்து லித்தியம் அயனி கார்களுக்கு 3556 என்று தனி ஐ.நா. எண் கட்டாயம். அதுவரை பேட்டரியில் ஓடும் எல்லா வண்டிக்கும் 3171 என்ற ஒரே எண்தான். பழைய ஈய பேட்டரி வண்டியும் புதிய லித்தியம் காரும் ஒரே வரியில். இருபத்தைந்தா, நானூற்றுத் தொண்ணூற்றெட்டா என்ற குழப்பத்துக்கு இந்தப் புது எண்ணாவது ஓரளவு பதில் சொல்லும் என்று நினைக்கிறேன்.

ஆனால் கரிக்கும் புண்ணாக்குக்கும் போட்ட மாதிரியான விதி, ஏறும் முன் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்பது, காருக்கு இன்னும் முழுதாக வரவில்லை. பேட்டரியில் சார்ஜ் குறைவாக இருந்தால் சூடு கட்டவிழ்வது கஷ்டம், விழுந்தாலும் வேகம் குறைவு. புண்ணாக்குக்கு ஈரம் எப்படியோ, பேட்டரிக்கு சார்ஜ் அப்படி. விமானத்துறை இதை 2016லேயே எடுத்துக்கொண்டது. தனியாக அனுப்பும் லித்தியம் அயனி பேட்டரி 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜோடு விமானம் ஏறக்கூடாது. கிரீஸ் தன் ஃபெர்ரிகளுக்கு 40 சதவீதம் என்று ஒரு எல்லை வைத்தது. மற்றபடி ஒவ்வொரு கப்பல் கம்பெனியும் தனக்குத் தோன்றியதைக் கேட்கிறது.

எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மல்லாட்டை மூட்டையைப் பிரித்து, நாலு காயைக் காதருகே குலுக்கிக் காய்ச்சல் பார்ப்பார்கள். கலகலவென்று சத்தம் வந்தால் காய்ந்தது, வராவிட்டால் ஈரம், விலை இறங்கும். காரில் குலுக்கக்கூட வேண்டாம், திரையைத் தொட்டாலே சார்ஜ் எவ்வளவு என்று எண் வந்துவிடும். ஆனால் ஐ.எம்.டி.ஜி. கோட்டின் இப்போதைய பதிப்பில், எண்ணெய் ஒன்றரை சதவீதத்துக்குள்ளும் ஈரம் 11 சதவீதத்துக்குள்ளும் இருக்கிற புண்ணாக்குக்கு ஒரு வரி, எண்ணெய் அதைத் தாண்டினால் வேறு வரி என்று பிரித்து எழுதியிருக்கிறது. எலெக்ட்ரிக் காருக்கான வரியில் சார்ஜ் எவ்வளவு இருக்கலாம் என்ற எண் இல்லை.